பிட்டத்திலும் அடிமுதுகிலும் விடாத வலி: எங்கே போவது, என்ன சொல்வது

இந்த வலிக்கு உதவி தேடுவதில் முதல் தடை வெட்கம். முழங்கால் வலியைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிடுகிறோம். பிட்டத்தில் வலி என்றால் டாக்டரிடம் சொல்லவே நாக்கு எழுவதில்லை. "இடுப்பு வலி டாக்டர்" என்று பொதுவாக முடித்துக்கொள்கிறோம். அவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். முதுகெலும்புக்கு ஒரு எக்ஸ்ரே, ஐந்து நாளுக்கு வலி மாத்திரை, தடவிக்கொள்ள ஒரு களிம்பு. உண்மையில் அந்த ஆளுக்கு வலித்தது தரையில் உட்காரும்போது அழுந்துகிற எலும்பு முனையில். முதுகெலும்பு எக்ஸ்ரேயில் அது தெரியப்போவதே இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அப்படி நீண்டுவிட்ட வலியோடு இருப்பவர் எங்கே போகலாம், எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கானது இந்த அத்தியாயம். இதில் மருந்துப் பட்டியல் கிடையாது. இந்த வலியில் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நோயாளி சொல்லும் விவரம்தான். ஸ்கேன் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. அந்த விவரத்தைத் திரட்டிக்கொண்டு போகும் வேலை நம்முடையது.

காத்திருக்கக் கூடாதவை

சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது. மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தும் வராமல் இருப்பது, அல்லது போவதே தெரியாமல் போய்விடுவது. மலம் அடக்க முடியாமை. இரண்டு கால்களிலும் பலம் குறைவது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றே, நடு இரவானாலும், நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது, 108-ஐ அழைக்கலாம். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் 'குதிரைவால்' என்று பெயர் பெற்ற நரம்புக் கொத்து நசுங்குவதால் வரும் நிலை இது. அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறார்களோ அவ்வளவுக்கு மூத்திரப்பையும் கால்களும் மீளும் வாய்ப்பு அதிகம். கணக்கு மணியில்தான், நாளில் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுப்பது ஆபத்து. வயதான ஆண்கள் இதைப் புராஸ்டேட் தொந்தரவு என்று நினைத்துத் தள்ளிப்போடுவதும் உண்டு.

நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று, கழன்றதே தெரியாமல் இரண்டடி போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்களா? பாதத்தைத் தூக்கும் தசை பலமிழப்பதன் அடையாளமாக இருக்கலாம். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலடி, பிறகு நுனிக்காலால் நாலடி. ஒரு பக்கம் முடியவில்லை என்றால் அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் அன்றைக்கே.

மாலையில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, படுத்தாலும் விடாத வலி என்றிருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். இருமலே இல்லாமல் எலும்பில் மட்டும் காசநோய் வரும். எலும்புக் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பில்தான். பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1779-லேயே இதை விவரித்து எழுதினார். நம் ஊரில் இது பழங்கதை ஆகிவிடவில்லை. வலி மாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்டி, முதுகு கூன் விழுந்த பிறகு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோய் பெயர் கேட்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை. 1970-களில் ஐ.சி.எம்.ஆரும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் நடத்திய ஆய்வு, பெரும்பாலோர் படுக்கையில் கிடக்காமல், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று காட்டியது. இன்று சிகிச்சை வழக்கமாக ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், வழுக்கி விழுந்த முதியவர்கள் ஆகியோரும் "பார்க்கலாம், சரியாகிவிடும்" என்று இருக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, குனிந்து குடத்தைத் தூக்கிய அளவிலேயே முதுகெலும்பு நசுங்கி முறிவதுண்டு.

ஒரு விரலால் காட்டுங்கள்

டாக்டரிடம் உள்ளங்கையால் இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டாதீர்கள். எந்த இடத்தில் அதிகம் என்று ஒரே விரலை வைத்துக் காட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் பின்புற உருவம் வரைந்து பேனாவால் நிழலிட்டுக் கொண்டுபோங்கள். பல வலி சிகிச்சைப் பிரிவுகளில் அவர்களே அப்படி ஒரு படத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள்.

இடம் ஏன் முக்கியம்? பெல்ட் கட்டும் உயரத்தில் குறுக்காகப் பரவும் வலி பெரும்பாலும் முதுகெலும்பின் மூட்டுகள், தசைகள் சம்பந்தப்பட்டது. அதற்குக் கீழே, இருபக்கமும் சிறு குழி விழும் இடத்தில் குத்தினால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டைச் சந்தேகிக்கலாம். நடுப் பிட்டத்தில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை சுரீர் என்று இறங்கி, இருமினாலும் தும்மினாலும் கூடினால் நரம்பு வேர் அழுந்துகிறது என்று பொருள். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வலி நரம்பு வலியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. "கால்வரைக்கும் இழுக்குது" என்று பொதுவாகச் சொல்வதைவிட எந்த விரல்வரை போகிறது, பெருவிரல் பக்கமா சுண்டுவிரல் பக்கமா என்று சொன்னால் எந்த வேர் என்பதே பிடிபட்டுவிடும்.

உட்காரும் எலும்பு முனையில் மட்டும் வலித்தால் பின்தொடைத் தசைநாண். இதற்குக் குனிந்து காலைத் தொடும் பயிற்சி செய்தால் வலி கூடும். எல்லா வலிக்கும் தசையை இழுத்து நீட்டினால் சரியாகும் என்ற எண்ணம் தவறு. வால் எலும்பு வலி, விழுந்து அடிபட்டபின் வருவது, உட்கார்ந்து எழும் கணத்தில் உயிர் போகும். இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால் பிட்டத் தசைகளின் நாண். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் சாதாரணம்.

முதுகென்று நினைத்து ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு: தொடை எலும்பின் தலை பொருந்தும் இடுப்பு மூட்டு. பிட்டத்திலும் தொடை இடுக்கிலும் சேர்ந்து வலிக்கும். சம்மணம் போட முடியாது, பேன்ட் மாட்டக் காலைத் தூக்க முடியாது. முப்பது நாற்பது வயது ஆணுக்கு இப்படி வந்தால், அவர் குடிப்பவராகவோ ஸ்டீராய்டு எடுத்தவராகவோ இருந்தால், எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது சிதையத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். முதுகுக்கு ஆறு மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு, கடைசியில் மூட்டு மாற்றுகிறவர்களின் கதை பலதும் இங்கேதான் தொடங்குகிறது.

வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'பிரிஃபார்மிஸ்' என்ற தசையின் பெயரோடு வருகிறார்கள். பிட்டத்தின் ஆழத்தில் உள்ள அந்தத் தசை நரம்பை நெருக்குவது உண்மைதான். நீண்ட நேரம் உட்கார்ந்தால், அதுவும் பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு உட்கார்ந்தால் கூடும். ஆனால் மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். பர்ஸை எடுத்து முன்னால் வையுங்கள்; அதற்கு யாருடைய சீட்டும் தேவையில்லை.

இன்னொன்று: வீட்டில் யாரையாவது தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கிக் கொப்புளம், சீழ்க்கட்டி, பௌத்திரம் எல்லாம் இடுப்பு வலி என்ற பெயரில் ஆர்த்தோ டாக்டரின் வாசலில் காத்திருந்திருக்கின்றன.

எப்போது கூடுகிறது, எதில் குறைகிறது

இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் வலிக்கும். நேரம் மட்டும் வேறாக இருக்கும். அந்த நேரம்தான் நோயைப் பிரித்துக் காட்டும்.

இருபத்தைந்து வயதுப் பையன். காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்துக் கிடக்கிறது, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது சரியாக. வெந்நீரில் குளித்து நடமாடினால் இலகுவாகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்தே கிடந்தால் மோசமாகிறது. பின்னிரவில் வலியில் விழிப்பு வருகிறது; எழுந்து நடந்தால் குறைகிறது. சில நாள் இடப்பக்கப் பிட்டம், சில நாள் வலப்பக்கம். வீட்டில் எல்லோரும் "பைக் ஓட்டுறதுதான் காரணம், ரெஸ்ட் எடு" என்கிறார்கள். ஓய்வு எடுத்தால் இந்த வலி கூடத்தான் செய்யும். இது தேய்மானமும் கிடையாது, டிஸ்க்கும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் அழற்சி. முற்றிய வடிவத்துக்கு 'ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகக்கூடும்.

நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு அல்லது பிட்ட வலி உள்ள எவரும் இதைக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்ததா? குதிகால் வலி, சொரியாசிஸ், நெடுநாள் வயிற்றுப்போக்கு உண்டா? குடும்பத்தில் கழுத்தைத் திருப்ப முடியாத மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார்களா? கண் டாக்டரிடம் கண்ணைப் பற்றியும், எலும்பு டாக்டரிடம் இடுப்பைப் பற்றியும் தனித்தனியே சொல்லி வந்தால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். உலக அளவில் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஆறேழு ஆண்டு தாமதம் ஆகிறது. பெண்களுக்கு இது வராது என்ற பழைய எண்ணத்தால் அவர்களுக்குத் தாமதம் இன்னும் கூடுதல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதுகெலும்புக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இந்த அழற்சி தப்பிவிடலாம். இடுப்பெலும்பு மூட்டுக்கென்று, 'சாக்ரோ இலியாக்' மூட்டுக்கு, தனியாக எடுக்க வேண்டும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் சாதாரணமாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. எச்.எல்.ஏ. பி27 இருந்தால் நோய் உறுதி என்றும் ஆகாது; அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். இவற்றைச் சேர்த்து எடைபோடத் தெரிந்தவர் ருமட்டாலஜி டாக்டர். முறையான மருந்தும் தினசரி உடற்பயிற்சியும் இருந்தால் இந்தப் பையன் வேலை, கல்யாணம், பைக் எதையும் விட வேண்டியதில்லை.

அறுபதைத் தாண்டியவர்களின் வலி வேறு மாதிரி. கொஞ்ச தூரம் நடந்தால் பிட்டமும் கால்களும் கனத்து, மரத்து, நின்றுவிடத் தோன்றும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விட்டுவிடும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் கிலோமீட்டர் போவார். நிமிர்ந்து நடந்தால் தெருமுனை தாண்ட மாட்டார். நரம்புகள் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது. இதே போல நடந்தால் வந்து, ஆனால் உட்காராமல் சும்மா நின்றாலே இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும் வலியானால், குறை ரத்தக்குழாயில் இருக்கலாம். பீடி சிகரெட் பழக்கமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் அடைபட்டால் வலி வருவது பிட்டத்தில்தான். ஆண்மைக் குறைவும் சேர்ந்து வரும். அதையும் வெட்கத்தால் மறைத்துவிடுகிறோம். "காலில் நாடி பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். விரலை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பிரசவத்துக்குப் பிறகு

"சிசேரியனுக்கு முதுகில ஊசி போட்டாங்க, அதிலிருந்துதான் இந்த வலி" என்று சொல்லாத தாய்மார்கள் நம் ஊரில் குறைவு. ஊசி குத்திய இடம் சில நாள் வலிப்பது உண்மை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த இடுப்பு மூட்டுகள், பலமிழந்த வயிற்றுத் தசை, குனிந்தபடியே பால் கொடுப்பது, தூக்கமின்மை ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். வெயிலே படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாவதும் உண்டு. தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்பட்டால் அதைப் பரிசோதிக்கச் சொல்லலாம். ஊசிமேல் பழியைப் போடுவதில் உள்ள நஷ்டம், "இனி இது மாறாது" என்று அந்தப் பெண் முடிவுகட்டிவிடுவது. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை.

யாரிடம் போவது

முதலில் குடும்ப டாக்டர், அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லையென்றால் அதுவே போதுமான தொடக்கம். கால் பலம் குறைந்தால் நரம்பு அறுவை சிகிச்சை அல்லது முதுகுத்தண்டு நிபுணர். காலை விறைப்பு என்றால் ருமட்டாலஜி. இடுப்பு மூட்டு என்றால் ஆர்த்தோ. பலரும் மறந்துவிடும் பிரிவு ஒன்று இருக்கிறது, மறுவாழ்வு மருத்துவம். மருந்து, உடற்பயிற்சி, வேலை செய்யும் முறை மூன்றையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். சென்னை கே.கே. நகரில் இதற்கென்றே அரசு நிலையம் இருக்கிறது. வெளியே வர முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள்.

சித்த மருத்துவத்தில் தொக்கணமும் ஒத்தடமும் சிலருக்கு நல்ல இதம் தருகின்றன. அரசு சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் செய்துகொள்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காலால் பிறந்தவரைக் கூப்பிட்டுக் குறுக்கில் மிதிக்கச் சொல்வது, முறுக்கிச் சொடுக்கெடுப்பது ஆகியவற்றில்தான் பயம். காய்ச்சலோ மரத்துப்போவதோ எலும்பு பலவீனமோ இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, எங்கே, எதில் கூடுகிறது, எதில் குறைகிறது, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு, வலியால் செய்ய முடியாமல் போன ஒரு வேலை. கடைசியாகச் சொன்னது முக்கியம். "நாற்று நட முடியலை", "தறியில ஒரு மணி நேரம் உட்கார முடியலை" என்பது டாக்டருக்குப் பத்துக்கு எட்டு என்ற மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும். தளர்வான உடை அணியுங்கள். பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம், நர்ஸ் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

டாக்டர் உங்களைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்ட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எம்.ஆர்.ஐ. எழுதித் தரும் இடத்துக்கு நான் இரண்டாம் முறை போகச் சொல்ல மாட்டேன்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

"ஜவ்வு விலகியிருக்கு, எல்4-எல்5-ல டிஸ்க் பல்ஜ்" என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, எண்பது வயதினரில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84. இவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை. நரை விழுவதைப் போல டிஸ்க்கும் வயதாகிறது. ஆகவே ஸ்கேனில் தெரிவதும் உங்கள் வலியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதே கேள்வி: வலக்கால் வலிக்கு இடப்பக்கப் பிதுக்கம் காரணமாக முடியாது.

அபாய அறிகுறி இருந்தால், பலம் குறைந்தால், அழற்சி நோய் என்ற சந்தேகம் இருந்தால், அறுவை சிகிச்சையையோ முதுகு ஊசியையோ யோசிக்கும்போது ஸ்கேன் அவசியம். மற்ற நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கேன் எப்படி வந்தாலும் இப்போதைக்குச் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மாத்திரையும் ஊசியும்

மெடிக்கல் ஷாப்பில் "இடுப்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டு, காகிதத்தில் மடித்துத் தரும் நாலு மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாக மறையும். சர்க்கரை ஏறும், எலும்பு கரையும்; மேலே சொன்ன தொடை எலும்புத் தலைச் சிதைவுக்கு அதுவே காரணமாகலாம். பெயர் போடாத சூரணத்துக்கும் இதே எச்சரிக்கை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவற்றைக் குறைந்த அளவில் சில நாள் எடுப்பது பலருக்குச் சரி. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக் கூடாது.

'நரம்பு மாத்திரை' என்று தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின் பற்றியும் சொல்ல வேண்டும். காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது, தலைச்சுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"மாத்திரை வேண்டாம், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று நாமே கேட்பதும் வழக்கம். பிட்டத்தில் தவறான இடத்தில் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பே காயப்படும். போட்ட உடனே காலில் மின்சாரம் பாய்ந்தது போல் இறங்கி, பாதம் தொங்கிவிட்டால் அதே நாளில் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது மட்டுமா

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட அடிமுதுகு வலிக்கு அறுவை சிகிச்சை இல்லாத வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், மனநல ஆலோசனை ஆகியவை அதில் ஏற்கப்பட்டவை. எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியே மின்தூண்டல், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. நம் ஊர் பிசியோ சென்டர்கள் பலவற்றின் வருமானமே இந்த இரண்டாவது பட்டியலில்தான் நடக்கிறது. பத்து நாள் கரண்ட் வைத்துவிட்டு, உடற்பயிற்சித் தாளைக் கடைசி நாளில் கையில் திணித்து அனுப்பினால் அது பாதிச் சிகிச்சைகூட ஆகாது. முதல் நாளே பயிற்சி சொல்லித்தரச் சொல்லுங்கள், அவர் கண்முன் செய்துகாட்டுங்கள், இரண்டு வாரம் கழித்து அளவைக் கூட்டச் சொல்லுங்கள்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு நடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், முதுகு வலி விட்ட பிறகு படிப்படியாக நடைப்பழக்கம் தொடங்கியவர்களுக்கு அது மறுபடி வர எடுத்துக்கொண்ட காலம் நடுமட்டமாக 208 நாள். நடக்காதவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்வரை மெல்லக் கூட்டிக்கொண்டு போவதே அவர்களின் இலக்கு. பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் ஏதோ பிய்ந்துகொண்டிருக்கிறது என்று பயப்பட வேண்டாம். அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி.

மாதக்கணக்கில் வலியோடு இருப்பவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அழுகை வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "எல்லாம் மனசுதான்" என்று அவர் ஒதுக்கினால் வேறு டாக்டரைப் பாருங்கள். "மனநல ஆலோசகரையும் பாருங்கள்" என்று சேர்த்துச் சொன்னால் அது நல்ல டாக்டரின் அடையாளம்.

ஆபரேஷன் என்று சொன்னால்

பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானே சுருங்குகிறது. பெரிதாகப் பிதுங்கியவை சுருங்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், கடுமையான கால் வலி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்கவைத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தார்கள். சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அவசர அறிகுறி இல்லாதவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது என்பதே இதன் பொருள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கால் வலிக்கு அறுவை சிகிச்சை தரும் பலன், கால் வலி இல்லாத வெறும் முதுகு வலிக்கு அதே அளவில் கிடைப்பதில்லை.

கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எந்த அறிகுறிக்காக இந்த அறுவை, அது போகும் வாய்ப்பு எவ்வளவு? செய்யாமல் மூன்று மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்? டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கிறீர்களா, ஸ்க்ரூ வைத்து இணைக்கிறீர்களா, ஏன்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா? பிறகு ரிப்போர்ட்டின் நகலையும் ஸ்கேன் படத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அதைத் தர மறுக்கும் இடத்தில், குதிரைவால் நரம்புக்கான அவசரம் தவிர வேறு எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.